எழுபத்தொன்று என்றுதான் எண்ணினேன்

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நடந்த வகுப்பு முடிவதற்கு முன்பே நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அது மரியாதை இல்லை என்று எனக்கும் தெரியும். ஓய்வுபெற்ற மூத்த டெக்னீஷியன் என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பாடம் எடுத்த டாக்டர் அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நன்றாகத்தான் எடுத்தார். மறுநாள் ஆய்வுக்கூடத்துப் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "ஏன் மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த கோபம். யார் மேல் என்று அன்றைக்கு அவர்களிடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த டாக்டர் கரும்பலகையில் ஒரு நுரையீரல் வரைந்தார். அதற்குள் யானைக்கால் பூச்சியின் குஞ்சு ஒன்றை நெளிநெளியாக வரைந்தார். பக்கத்தில் ஒரு செல். அந்தச் செல்லிலிருந்து நாலைந்து அம்புக்குறி. ஒட்டுண்ணி உள்ளே வந்ததும் நம் செல்கள் சும்மா இருப்பதில்லை, சிறுசிறு மூலக்கூறுகளைச் சுரந்து ஒன்றுக்கொன்று சேதி அனுப்புகின்றன என்றார். இன்டர்லூக்கின் என்று பெயர் சொன்னார். ஒரு மூலக்கூறு எலும்பு மஜ்ஜைக்குப் போய் இயோசினோஃபில் என்கிற வெள்ளை அணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. இன்னொன்று அவற்றை நுரையீரலுக்கு இழுக்கிறது. அவை கூட்டமாக வந்து பூச்சியின் குஞ்சைச் சூழ்ந்து, தங்களுக்குள் மணிமணியாக இருக்கும் துகள்களின் விஷத்தை அதன் மேல் கொட்டிக் கொல்கின்றன. "சில பேருக்கு இந்தச் சேதி ரொம்பப் பலமா போயிடும். ரத்தத்துல ஒரு குஞ்சுகூட மிஞ்சாது. தேடினாலும் கிடைக்காது. ஆனா ரத்தம் முழுக்க இயோசினோஃபிலா இருக்கும். அதைப் பார்த்தாலே போதும்" என்றார்.

அதைப் பார்த்தாலே போதும். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எழுந்தேன்.

1954 நவம்பரில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு இருபது வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். ஆறு மாதம் கண்ணாடித் தகடு துடைக்க மட்டும் விட்டார், அப்புறம் ரத்தம் எடுக்க, அப்புறம் சாயம் போட, கடைசியாகத்தான் மைக்ராஸ்கோப். கொடி இறங்கிய கொஞ்ச நாளில் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். வேலை என் கைக்கு வந்தது.

என் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு வீட்டோடு இருந்தார். தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கு இது காரணம், அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுத் தலைவரை பிரெஞ்சு வழக்கப்படி 'ஷெஃப்' என்போம். அவர் பெயரையும் எழுதமாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரர் என்று நினைக்கவேண்டாம். நம் ஊரில் பிறந்தவர்தான். ஆனால் நோயாளியிடம்கூடத் தமிழில் பேசமாட்டார். நர்ஸ் மொழிபெயர்க்கவேண்டும். என்னை "மத்மொசேல் லூர்து" என்பார், செல்வி லூர்து என்று; நான் அவரை "முசே" என்பேன், ஐயா என்று. காலை எட்டு மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து மேசைக்கு எதிரே நிற்பார். உட்காரமாட்டார். அறிக்கைத் தாளை இரண்டு விரலால் மூலையைப் பிடித்துத் தூக்கிப் படிப்பார். கையில் ஒரு பென்சில், ஒரு முனை நீலம், மறுமுனை சிவப்பு. நீலம் விழுந்தால் சரி. சிவப்பு விழுந்தால் நான் திருத்தி எழுதவேண்டும். எப்படித் திருத்துவது என்றும் அவரே சொல்வார். அவர் அறையில் பித்தளை மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. அதன் உறையை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை.

இயோசினோஃபில் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம். வெள்ளை அணு நூற்றில் ஒன்றிலிருந்து ஐந்து வரை இயோசினோஃபில் இருப்பது வழக்கம். வயிற்றில் பூச்சி இருந்தால் பத்து, பதினைந்து. இருபதுக்கு மேல் யாராவது எழுதினால், "நோன், மத்மொசேல். சாயம் கெட்டுவிட்டது" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

1957-இல் மழைக்காலம் முடிந்ததும் அஞ்சலாட்சி வந்தாள். வைத்திக்குப்பத்துக்காரி, தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்பவள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, பெண். செங்கேணி என்று பெயர். மூன்று மாதமாக இருமல், லேசான ஜுரம், உடம்பு பாதியாகியிருந்தது.

"விடிகாலையில புடிச்சா சூரியன் வந்தாதாம்மா வுடுது. நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாரி இருக்குது. படுக்கவே முடியல, குந்திகினே கெடக்குறேன்" என்றாள்.

விரல் நுனியில் ஊசி குத்தினேன். ஏறவில்லை.

"மீன் முள்ளே ஏறாத வெரலும்மா. ஒன் ஊசி ஏறிடுமா? அழுத்திக் குத்து" என்று சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்துவிட்டது.

ஒரு சொட்டு ரத்தத்தைத் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்தேன். நாக்கு மாதிரி மெலிந்து முடியவேண்டும். காற்றில் உலர்த்தி, சாயம் ஊற்றி, கழுவி, நிமிர்த்தி வைத்தேன். எண்ணெய் விட்டுப் பார்க்கிற லென்சைத் திருப்பி முதல் இடத்தைப் பார்த்தபோது ஐந்து வெள்ளை அணு தெரிந்தது. ஐந்தும் இயோசினோஃபில். இது அடையாளம் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை. உள்ளே கரு இரண்டு கதுப்பாகக் கிடக்கும், சுற்றிலும் ஆரஞ்சுச் சிவப்பில் மணிமணியாக, மீன் சினை போல. தாளில் கோடு போட்டுக்கொண்டே எண்ணினேன். நூறு ஆனதும் கூட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்று.

எனக்கே பயமாக இருந்தது. ஷெஃபின் சட்டம் ஞாபகம் வந்தது. சாயம் கெட்டிருந்தால்? அஞ்சலாட்சியை மறுபடி கூப்பிட்டுப் புதுத் தகடு எடுத்தேன். என் விரலையும் குத்தி என் ரத்தத்தில் ஒரு தகடு எடுத்தேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ஒரே புட்டியிலிருந்து சாயம் ஊற்றி, ஒரே நேரத்தில் கழுவினேன். சாயம் கெட்டிருந்தால் இரண்டும் சிவக்கவேண்டும். என்னுடையதில் மூன்று. அவளுடையதில் எழுபது.

மறுநாள் காலை அறிக்கையைக் கொடுத்து இதைச் சொன்னேன். அவர் எழுபத்தொன்றைப் பார்த்தார்.

"உங்கள் சொந்த ரத்தத்தைப் பார்க்கச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லல, முசே. சாயம் சரியான்னு..."

"சாயம் கெட்டுவிட்டது."

"ஒரே சாயம்தான் முசே. என் தகட்டுல..."

சிவப்பு முனையைத் திருப்பினார். 71 என்று நான் எழுதியிருந்ததில் 1-ஐ மட்டும் ஒரு கோடு போட்டு அடித்தார். 7 ஆயிற்று. "எழுத்துப் பிழை. நல்ல தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புங்கள்" என்றார்.

நூற்றுக்கு எண்ணுகிற கணக்கு அது. எழுபத்தொன்றை ஏழாக்கினால் மீதி அறுபத்து நாலு அணுக்களை எங்கே வைப்பது? அதையும் அவரே சொன்னார். மற்ற வகைகளில் இத்தனை இத்தனை என்று பிரித்துக் கொடுத்தார். இல்லாத அறுபத்து நாலு அணுக்கள்! நான் தயங்கி நின்றேன். மாடிப்படி வரை போனவர் திரும்பி, "புதிய அரசாங்கம் நிரந்தர ஊழியர் பட்டியல் கேட்டிருக்கிறது. உங்கள் பெயரை நான்தான் எழுதவேண்டும், இல்லையா?" என்றார். குரலை உயர்த்தவில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன்.

எக்ஸ்-ரேயில் இரண்டு நுரையீரலிலும் ரவை தூவினாற்போலப் பொடிப்பொடியாக நிழல். ஷெஃப் காசநோய் என்றார். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று மூன்று நாள் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. "கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல" என்றார். சரி, யானைக்கால் பூச்சியாக இருக்குமோ என்று, அதன் குஞ்சு ராத்திரியில்தான் ரத்தத்தில் தெரியும் என்பதால், இரவு ரத்தமும் எடுத்துப் பார்த்தோம். அதில் பூச்சிக் குஞ்சு இல்லை. "பார்த்தீர்களா? பூச்சி இல்லை. ஆகவே பூச்சி நோய் இல்லை" என்றார். காசநோய்க்கு ஒரு நியாயம், பூச்சிக்கு ஒரு நியாயம். ஒரே வாரத்தில், ஒரே வாய். அவள் உடம்பு அத்தனை குஞ்சையும் தேடித்தேடிக் கொன்றுவிட்டது, அதனால்தான் கிடைக்கவில்லை என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரிந்த எண்ணை அடித்ததுதான் குற்றம்.

ஊருக்கு வெளியே காசநோய் வார்டுக்கு அவளை அனுப்பினார்கள். குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் தங்கை வந்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு நான் அங்கே இல்லை. நான்கு நாள் கழித்துச் சளி மாதிரி எடுக்கப் போனபோது அவளுக்கு மார்பில் பால் கட்டி, நெருப்பாய்க் காய்ச்சல் அடித்தது. அந்தக் காய்ச்சலையும் காசநோய்க் காய்ச்சல் என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

"யம்மா, புள்ளய ஒரு தரம் சன்னல்ல காட்டச் சொல்லும்மா. தொடமாட்டேன்" என்றாள்.

சொன்னேன். யாரும் காட்டவில்லை.

ஏழு மாதம். தினமும் ஊசி. இடுப்பில் குத்த இடமில்லாமல் போயிற்று. வாரம் ஒரு தடவை நான் போய்ச் சளி எடுத்து வந்து பார்ப்பேன். ஒரு தடவைகூடக் கிருமி இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் விரலையும் குத்தி ஒரு தகடு எடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாக எடுத்தேன். எழுபது, அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு. ஊசி ஒன்றையும் அசைக்கவில்லை. தகடுகளைத் துணியில் சுற்றி என் அலமாரிக்குள் வைத்தேன். யாரிடம் காட்டுவது?

1958-இல் மெட்ராஸிலிருந்து ஒரு இளம் டாக்டர் மாற்றலாகி வந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழில் பேசிக்கொண்டோம். வந்த முதல் நாளே ஆய்வுக்கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ஒரு டாக்டர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஷெஃப் ஊரில் இல்லாத நாளில், துணியைப் பிரித்தேன்.

ஒரு தகட்டைத்தான் பார்த்தார். "யாரோடது இது?"

"டி.பி. வார்டுல இருக்கிற ஒரு அம்மாவோடது சார்."

"டி.பி. வார்டுலயா? எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"இதை யாரும் பாக்கலயா?"

நான் துணியை மறுபடி மடித்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தவர், மேலே கேட்கவில்லை.

"இது டி.பி. மாதிரி தெரியலம்மா. இந்த மாதிரி கேஸ் மெட்ராஸ்ல நெறைய பாத்திருக்கேன். யானைக்கால் பூச்சிதான் காரணம்னு சில பேர் சொல்றாங்க, நிச்சயமா இன்னும் யாரும் காட்டல. ஆனா அதுக்குக் குடுக்கிற மாத்திரை இதுக்குக் கேக்குது" என்றார்.

பூச்சி மாத்திரை என்று சொல்லி மூன்று வாரம் கொடுத்தார். ஐந்தாம் நாள் அஞ்சலாட்சி படுத்துத் தூங்கினாள். முதுகைத் தரையில் வைத்து, காலை நீட்டி. பத்தாம் நாள் நாற்பது எண்ணினேன். மூன்று வாரம் முடிந்தபோது ஒன்பது. நெஞ்சில் பூனைக்குட்டி இல்லை. எக்ஸ்-ரேயில் ரவை இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

ஷெஃப் அந்த எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். தன் ஊசியின் வெற்றி என்றார். கோப்பில் 'காசநோய், குணமடைந்தது' என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் இளம் டாக்டரிடம் ஓடினேன். "சார், கோப்பை மாத்தச் சொல்லுங்க. அந்த அம்மாவுக்கு அது டி.பி. இல்லைன்னு ஒரு தாள் குடுங்க" என்றேன். அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "அவர் ஹெட். நான் வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. ஆள் பொழைச்சிட்டாங்க இல்ல? விடுங்கம்மா" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நல்லவர்களின் 'விடுங்கம்மா' எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது! கொஞ்ச நாளில் அவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது.

யார் சொன்னார்களோ, தகடுகள் விஷயம் ஷெஃபுக்குத் தெரிந்துவிட்டது. "மத்மொசேலுக்குக் கண் களைத்துவிட்டது" என்று சொல்லி என்னை மைக்ராஸ்கோப்பிலிருந்து எழுப்பிப் புட்டி கழுவும் அறையில் போட்டார். நாலு வருஷம் கழுவினேன். சம்பளம் குறையவில்லை. வேலை நிரந்தரமாகியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டு கழுவினேன்.

வைத்திக்குப்பத்தில் என்ன நடந்தது என்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது. டி.பி.க்காரி என்று அவளை மீன் கூடையைத் தொட விடவில்லை. மற்றப் பெண்கள் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். யாரும் வாங்கமாட்டார்கள். கருவாடு காயப்போடுகிற வேலைதான் மிஞ்சியது. தங்கை குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 'திரும்ப வந்துடும்னு சொல்றாங்கக்கா. புள்ளைக்கு ஒட்டிக்கும்' என்றாளாம். அது காசநோயே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். வைத்திக்குப்பம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை. போய்ச் சொன்னால் அது ஆஸ்பத்திரிக்கு வரும், ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஷெஃப் காதுக்குப் போகும்.

1962-இல் ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஷெஃப் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியனுப்பு விழாவில் 'காசநோயை எதிர்த்துப் போரிட்ட பெருமகன்' என்று வாழ்த்துப் படித்தார்கள். கைதட்டினார்கள். விழா முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். நாலு வருஷமாக மனசுக்குள் உருட்டி வைத்திருந்த பேச்சு தொண்டை வரை இருந்தது.

"முசே, வைத்திக்குப்பத்து அஞ்சலாட்சியை ஞாபகம் இருக்கா?"

"ஓ, அவள். குணமானவள்தானே?"

"ஆமாம், முசே" என்றேன்.

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவர் கைகொடுத்தார். நானும் கொடுத்தேன்.

அவர் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக வைத்திக்குப்பத்துக்குப் போனேன். கட்டுமரங்களுக்கு மேற்கே மணலில் வலையை விரித்துக் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, "யம்மா, லூர்தம்மா! ஒக்காரு, ஒக்காரு" என்று சாக்கை உதறிப் போட்டாள்.

அப்போது ஐந்து வயதுப் பெண் ஒன்று ஓடி வந்து, "பெரீம்மா, அம்மா ஒன்ன கூப்புடுது" என்றது. மூக்கும் நெற்றியும் அப்படியே அஞ்சலாட்சி. "வரேன்னு சொல்லுடா செங்கேணி" என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்லத் தொடங்கினேன். எழுபத்தொன்று, சிவப்புப் பென்சில், அறுபத்து நாலு, மாத்திரை, எல்லாவற்றையும். அவள் கருவாட்டைத் திருப்புவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும்தான் கையை உதறினாள்.

"எண்ணுனது நீதானே?"

"ஆமா."

"எழுபத்தொண்ணுன்னு ஒனக்கு நல்லா தெரியும்?"

"தெரியும். ரெண்டு தரம் பாத்தேன்."

"ஏழுன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், தூற்றட்டும் என்றுதான் போயிருந்தேன். அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வா. என் தங்கச்சிகிட்ட வந்து சொல்லு. இப்பவே."

போனேன். குடிசை வாசலில் தங்கையும் அவள் புருஷனும் நின்று கேட்டார்கள். தங்கை அழுதாள். புருஷன் குழந்தையைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம், "இதை நாலு வருசம் முன்னாடி வந்து சொல்லியிருந்தா தூக்கிக் குடுத்திருப்போம்மா. இப்ப இது எங்களத்தான் அம்மா அப்பான்னு நெனச்சிகினு இருக்குது. பிச்சி எடுத்தா தாங்குமா?" என்றான். குழந்தை தங்கையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை முறைத்தது. அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். "இருக்கட்டும் வுடு" என்றாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மறுமாதம் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எங்கள் தெருவுக்கும் வந்தாள். நான் மீன் வாங்குவேன், அவள் விற்பாள். அதற்கு மேல் பேச்சு ரொம்ப நாள் இல்லை.

செங்கேணிக்குக் கல்யாணம் வைத்தபோது அஞ்சலாட்சி பத்திரிகை கொண்டுவந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகையை ஈரக்கை படாமல் நீட்டினாள். பெண்ணைப் பெற்றவர்கள் என்ற இடத்தில் தங்கை பெயரும் அவள் புருஷன் பெயரும் அச்சாகியிருந்தன. அஞ்சலாட்சி பெயர் கீழே, 'தங்கள் வரவை விரும்பும்' கூட்டத்தில் எட்டாவதாக இருந்தது.

"படிச்சியா?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"படிச்சேன்."

"எல்லாம் சரியா போட்டுருக்கானா?"

பத்திரிகையை மடித்தேன். "இல்ல அஞ்சலாட்சி. தப்பா போட்டிருக்கு" என்றேன்.

"தெரியும்" என்று கூடையைத் தலைக்குத் தூக்கினாள். "ஒன் வாயால கேக்கணும்னுதான் கேட்டேன்."